பயிற்சியாளர் விடைபெற்ற விதம்

திருவனந்தபுரத்தில் வாழும் கிரிக்கெட் அன்பர்கள் 1988-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். அன்று யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் இந்தியக் கோஷ்டி மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து ஆடியது. நமது சென்னை ஸ்ரீகாந்த் 101 ரன்கள் குவித்தும் இந்தியா தோற்றது. அன்றைய காப்டன் ரவி சாஸ்திரி. அதன்பின் மற்றொரு சர்வதேசப் பந்தயத்தைக் காண அந்நகரம் ஏறக்குறைய 30 ஆண்டுகள் காத்திருந்தது. 2017 நவம்பர் 7-ந் தேதி, காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில், மழையினால் கட்சிக்கு 8 ஓவராகக் குறுகிய பந்தயத்தில் இந்தியா நியூஸிலாந்தை 6 ரன்களில் வென்றது. அப்போது அதே சாஸ்திரி பயிற்சியாளராக வந்திருந்தார். அவர் ஏற்றிருந்த அப்பதவி அதே ஆண்டு ஜூன் மாதத்தில் காலியான வரலாறு சற்றே கசப்பானது.

அதைச் சொல்லுமுன் பதவியின் தன்மையைத் தெளிவுபடுத்துவது நலம். அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலில் மானேஜர் என்பவரே சர்வாதிகாரி. யார் ஆடுவது, பந்தெறிபவரை எப்போது மாற்றுவது என்பனவெல்லாம் அவர் தீர்ப்பு. ஆட்டக்காரரின் சீருடையையே அவரும் அணிந்திருப்பார். கிரிக்கெட்டிலோ, ஆட்டம் தொடங்கியபின் அதிகாரம் முழுவதும் காப்டனுடையது. பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அமர்ந்திருப்பவர். பொறுப்பு உண்டு, அதிகாரம் குறைவு. ஆகவே இருவருக்கும் மனம் ஒவ்வாதபோது, நடுவிலிருந்து பேச வேண்டிய கடமை கட்டுப்பாட்டு போர்டைச் சார்ந்ததாகிறது.

2016 ஜூன் மாதத்தில் அனில் கும்ப்ளே ஓராண்டுக்கு அப்பதவியில் நியமனம் பெற்றார். 57 பேர் மனுச் செய்திருந்தனர். டெண்டுல்கர், கங்குலி, லக்ஷ்மண் ஆகிய மூவர் அடங்கிய ஆலோசனைக் குழு அவரைத் தேர்ந்தது. 2014 முதல் கோஷ்டியின் டைரக்டராக இருந்த சாஸ்திரிக்கு அப்போது இடம் கிட்டவில்லை. டெஸ்ட் ஆட்டங்களில் 619 விக்கெட்டுகளை வீழ்த்திய கும்ப்ளேயின் தகுதியைப் பற்றி எவரும் ஐயுறவில்லை. அவர் காலத்தில் இந்தியா ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் 17. வெற்றி 12, தோல்வி 1, முடிவின்றி நின்றவை 4.

ஆயினும் 2017 மே 25-ந் தேதி, கோஷ்டி சாம்பியன்ஸ் கோப்பைக்காக இங்கிலாந்து சென்றிருந்த வேளையில், புதிய பயிற்சியாளருக்கு மனுக்கள் கோரி போர்டு விளம்பரம் வெளியிட்டது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது உண்மை. கும்ப்ளேயும் மனுச் செய்தவராகவே கருதப்படுவார் என்று சலுகை காட்டியதும் உண்மை. ஆனால் தாம் வகிக்கும் உத்தியோகத்திற்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு ஊரறிய வெளிவந்தால், அதை மரியாதை என்று எவர் கொள்வார்? வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. காப்டன் விராட் கோலிக்கும் அவருக்கும் இணக்கமில்லை என்ற பேச்சு பத்திரிகைகளில் பரவிற்று. சுப்ரீம் கோர்ட் நியமித்த நிர்வாகக் குழுவிலிருந்து விலகிய சரித்திராசிரியர் ராமச்சந்திர குஹா, தம் கடிதத்தில் போர்டு இவ்விஷயத்தைக் கையாண்ட விதத்தைக் கண்டித்திருந்தார்.

ஜூன் 18-ந் தேதி, லண்டன் ஓவல் மைதானத்தில், இறுதிப் பந்தயத்தில் பாகிஸ்தானிடம் 180 ரன்களில் தோல்வி. 20-ந் தேதி கும்ப்ளே விலகினார். கோஷ்டி அவரின்றியே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயணமாயிற்று. தமது போக்கு காப்டனுக்கு உடன்பாடில்லை என்பதைப் போர்டு தமக்கு முதன்முறையாகத் தெரிவித்தது அதற்கு முந்திய தினமே என்று அவர் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். பயிற்சியாளர் ஆட்டக்காரருக்குக் கண்ணாடி பிடிப்பவர் என்ற கருத்தையும் அதில் கூறியிருந்தார்.

காப்டனுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு. அதில் தவறு காண நான் விரும்பவில்லை. இருவரும் ஒத்துப்போக இயலாதென்றால் ஒருவர் போகத்தான் வேண்டும், போகிறவர் பயிற்சியாளராகவே இருப்பார். கடிந்து பேச வேண்டியது போர்டின் மௌனத்தைத்தான். ஊரெல்லாம் பேசிய செய்தியை உரியவரிடம் கடைசி நாள் வரை சொல்லாதிருந்தார்கள். சில மாதங்களுக்கு முன்பே நேரில் அமர்த்தி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், கௌரவத்தோடு அவர் விடைபெற்றிருப்பார்.

பின்னர் நிகழ்ந்ததும் அழகாயில்லை. மனுச் செய்வதற்கான கெடு நீட்டிக்கப்பட்டது. முதலில் மனுச் செய்யாத சாஸ்திரி பின்பு செய்தார். ஜூலை 11-ந் தேதி மாலை அவர் நியமனமானதாகச் செய்தி பரவ, போர்டு அதை மறுத்து, அன்றிரவே மெய்யென உறுதி செய்தது! ஜாகீர் கான் பந்துவீச்சு ஆலோசகர் என்றும் உடன் அறிவித்தார்கள்; ஒரு வாரத்தில், தமிழ்நாட்டிற்காக ஆடிய பரத் அருண் பந்துவீச்சுப் பயிற்சியாளரானார்.

போர்டு பாடம் கற்றதா என்று நேயர்கள் கேட்கலாம். மகளிர் கோஷ்டியின் கதையைப் பார்ப்போம். 2018 நவம்பரில் உலகப் போட்டி அரையிறுதியில் மிதாலி ராஜ் ஒதுக்கப்பட்டார். ஜோத்பூரில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் அவர். அதையொட்டி எழுந்த பூசலுக்குப் பின் பயிற்சியாளர் ரமேஷ் பவாரின் தவணை நீட்டிக்கப்படவில்லை. சென்னையைச் சேர்ந்த டபிள்யு. வி. ராமன் அவ்விடத்திற்கு வந்தார். 2020 மார்ச் 8-ந் தேதி, மெல்போர்னில் 86,174 பேர் திரண்டிருக்க, அவரது கோஷ்டி உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்றது. மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவிடம் சொந்த மண்ணிலேயே தோற்றது. 2021 மே 13-ந் தேதி ராமன் விலக்கப்பட்டு, பவாரே மீண்டும் நியமிக்கப்பட்டார். ராமன் தம் கருத்துக்களைக் கங்குலிக்கும் திராவிடுக்கும் எழுதினார். அந்தப் பவாரும் 2022 டிசம்பரில், அடுத்த உலகப் போட்டிக்கு இரண்டு மாதங்களே இருக்கையில், பெங்களூர் தேசியக் கிரிக்கெட் அகாடமிக்கு மாற்றப்பட்டார்.