கட்டுகஸ்தோட்டைப் பரீட்சை

மருந்துக் கடையில் பில், டியூஷன் வகுப்பில் வரவுப் பதிவு, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துக் கணக்கு என்று கண்டியில் எல்லாமே ஏதோவொரு கணினித் திரையில்தான் ஓடுகிறது. அந்தத் திரையின் பின்பக்கம் எப்போதாவது போயிருக்கிறீர்களா? வாருங்கள், நுழைந்துவிடுவோம்! பூட்டுச் சாவி எதுவும் வேண்டாம், மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறையைத் திறந்தாலே போதும். கண்டிக் கடைக்கு நாமே ஒன்றை எழுதுவதென்றால் எதில் எழுதலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நம் எல்லோர் வீட்டிலும் படம் ஓட்டும் விஎல்சி. ‘பிளகின்ஸ்’ கோப்புறைக்குள் ‘ஜியூஐ’. அதற்குள் கியூட் என்ற பெயர் தாங்கிய ஒரு கோப்பு. பிடிபட்டது! படத்தை ஓட்டும் எஞ்சின் சி மொழியில் எழுதப்பட்டது. நாம் அழுத்தும் பொத்தான்களோ சி++ மொழியின் கியூட் தொகுப்பிலிருந்து வந்தவை.

கியூட் பிறந்த கதை அதைவிட ருசி. 1990 கோடை, நோர்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரம். ஹாவார்ட் நோர்ட், எய்ரிக் ஷாம்ப்-எங் என்ற இரு இளைஞர்கள் அல்ட்ராசவுண்ட் படங்களுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அது யுனிக்ஸ், மெக்கின்டோஷ், விண்டோஸ் மூன்றிலும் ஓடியாக வேண்டும். வெயில் காய வெளியே போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எல்லாக் கணினிக்கும் ஒரே தொகுப்பு என்ற எண்ணம் பிறந்தது. கியூட் உலகுக்கு வந்தது 1995 மே 20. மூன்றே நாள் கழித்து, மே 23 அன்று, ஜாவாவும் அறிமுகம்! எல்லாக் கணினியிலும் ஓட ஒரே நிரல் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு ஒரே வாரத்தில் இரண்டு பெரிய விடைகள்.

அடுத்து ஆர்டுயினோ. பேராதனைப் பொறியியல் பீடத்திலும் பாடசாலை ரோபோ கழகங்களிலும் பிள்ளைகள் திறக்கும் நிரல் எழுதி அது. முதல் பதிப்பு ஜாவா. 2022 செப்டம்பரில் வந்த இரண்டாம் பதிப்பின் கோப்புறையைப் பாருங்கள்: ‘குரோம் 100 பெர்சென்ட்’ என்று ஒரு கோப்பு. உள்ளே ஒரு முழு உலாவியே குடியிருக்கிறது! இதுதான் எலெக்ட்ரான். வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவர் எவரும் மேசைக் கணினி மென்பொருள் செய்துவிடலாம், ஆனால் சின்னஞ்சிறு செயலியும் 100 எம்பியைத் தாண்டிவிடும். 2023இல் வந்த 23ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7இல் எலெக்ட்ரான் ஓடாது என்பதையும் பழைய கணினி வைத்திருக்கும் கடைக்கு எழுதுபவர் மறக்கக்கூடாது. அந்தக் கடைக்கு இன்றும் கைகொடுப்பது பாஸ்கல் மொழியின் லாசரஸ்.

இனி எனக்கு மிகவும் பிடித்த அறைக்கு வருவோம். கண்டியில் ஒரு பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் தாங்க வேண்டும். பைதான் மொழியில் பலரும் பயன்படுத்தும் டிகே 8.6 என்ற இலவசச் சாளரத் தொகுப்பை லினக்ஸில் திறந்து ‘பேராதனை’ என்று தட்டுங்கள். ‘ப’ முதலில் வந்து நிற்கும், இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால் போய் விழும்! எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலை அங்கே நடப்பதே இல்லை. அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற சிறிய நூலகம். குரோமுக்குள்ளும் கியூட்டுக்குள்ளும் லிப்ரே ஆபீஸுக்குள்ளும் அது இருக்கிறது. 2017இல் வந்த ஜாவா 9க்குள்ளும் புகுந்துவிட்டது. சிங்களத்திலும் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும், ஆகவே ஒரு நூலகம் இரண்டு மொழியையும் காப்பாற்றுகிறது. எவ்வளவு அழகு!

பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ், சிங்கள எழுத்துரு கிடையாது. வரியைப் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். திரையில் சரியாக அடுக்கிய அதே கியூட் படத்திலும் சரியாக அடுக்கித் தருகிறது.

ஆகவே கண்டிக் கடைக்கு என் தேர்வு, பைதானோடு கியூட். குழுவில் வலைப்பக்கக்காரர்கள் மட்டுமே இருந்தால், கணினியில் ஏற்கெனவே உள்ள உலாவிப் பொறியைப் பயன்படுத்தும், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட டவுரி.

நீங்கள் எதை எடுத்தாலும், முதல் நாளே ஒரு பெட்டியும் பொத்தானும் மட்டும் வைத்து ‘கட்டுகஸ்தோட்டை’ என்று தட்டுங்கள். அம்புக்குறி விசையை அழுத்தும்போது இடங்காட்டி ‘தோ’வை ஒரே தாவலில் கடக்கிறதா பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டி, ஒரு பில்லும் அச்சிட்டுப் பார்த்த பிறகு மற்ற வரிகளை எழுதத் தொடங்குங்கள்.