ஏரிக்கரையில் கால் மணி நேரம்

சென்னையில் ‘நிழல்’ அமைப்பினர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், தெருவிலும் பூங்காவிலும் நிற்கும் மரங்களை அடையாளம் காட்டுகிறார்கள். மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தார் 1978 முதல் இயற்கையைப் பார்க்க இப்படி நடைபோய்க்கொண்டிருக்கிறார்கள். சங்கராபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குப் பூங்கா வேண்டாம். மேற்கே கல்வராயன் மலை தெரிய, ஒரு ஏரிக்கரை போதும். அதிகாலையில் போக வேண்டும், அவ்வளவுதான்.

பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும் வழிகாட்டி எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றைப்போல் இருக்கும் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுபவரே கெட்டிக்காரர். சேற்றில் மண்நிறத்தில் ஒரு பறவை அசையாமல் நிற்கும்; நாம் நெருங்கியதும் வெள்ளைச் சிறகை விரித்துப் பறக்கும். அது மடையான், நம் ஊரில் பலரும் குருட்டுக் கொக்கு என்பது. மாட்டின் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு. விரல்கள் மட்டும் மஞ்சள் சாயத்தில் தோய்த்தெடுத்தவை போலிருக்கும். கம்பியில் கரேலென்று ஒன்று உட்கார்ந்திருந்தால் வாலைப் பாருங்கள். பிளந்திருந்தால் கரிச்சான். வால் பிளவின்றி நீண்டு, கண் சிவந்திருந்தால் ஆண் குயில். பெண் குயில் கறுப்பே இல்லை. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்.

செடிகொடியிலும் இதே வித்தைதான். நாட்டுக் கருவேலம் பூத்தால் மஞ்சள் உருண்டைகள்; காய், மணி கோத்ததுபோல் இடைக்கிடை இறுகியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிராகத் தொங்கும். காயில் அந்த இறுக்கம் இராது. ஆடுமாடுகள் காயைத் தின்று, சாணியோடும் புழுக்கையோடும் விதையைக் கரையெல்லாம் பரப்பிவிடும். ஏரிக்குள் நாட்டுக் கருவேலம் நின்றால் நீர்ப்பறவைகள் அதில் கூடு கட்டும். சீமைக் கருவேலத்தை வெட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் காயைப் பார்த்துவிட்டு அரிவாளை எடுக்கலாம்.

பறவைகளைப் பார்த்துப் பழகிக்கொள்ளப் பொங்கலே நல்ல சமயம். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் வாலாட்டிகளும் அப்போது இங்கே இருக்கும். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். காக்கையையும் விடக்கூடாது. இன்று சாதாரணம் என்று விட்டுவிட்டால், நாளை அது குறைந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க முன்கணக்கு இருக்காது. தூரத்து வாத்து எதுவென்று பிடிபடாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். ‘ஏதோ ஒரு வாத்து’ என்று பதியவும் அதில் இடம் உண்டு.