பெயர் எழுதப்படாத தொழிற்சாலைகள்

1911 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆந் திகதி, சனிக்கிழமை பிற்பகல். நியூயோர்க் நகரின் ஆஷ் கட்டடம் என்னும் பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளிலும், பெண்களுக்கான மேற்சட்டை தைக்கும் ட்ரையாங்கிள் தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்தது. வேலை முடியுந் தறுவாயில் எட்டாம் மாடியில் துணிக் கழிவிற் பற்றிய தீ சில நிமிடங்களில் மேலே தாவியது. ஒன்பதாம் மாடியில் இருந்த பெண்கள் ஓடிச்சென்று தள்ளிய கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு பாரந் தாங்காது சரிந்தது. தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. மாண்டவர் 146 பேர். அவர்களுட் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள்.

பூட்டிய கதவைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். நாம் சொல்ல விழைவது அத்துணைப் பரபரப்பில்லாத ஒரு விடயம்; ஓர் இடாப்பைப் பற்றியது.

அவ்வாண்டிலேயே நியூயோர்க் மாநிலம் ஒரு விசாரணை ஆணைக்குழுவை அமைத்தது. றொபேட் வாக்னர் தலைவர். அல்பிரட் சிமித் உபதலைவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் தொழிலமைச்சராய் விளங்கிய பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையாரும் அதன் பணிகளுக்குத் துணைநின்றார். ஆராயப் புகுந்தவிடத்து ஒரு விந்தையான குறை வெளிப்பட்டது. மாநிலத்தில் எத்தனை தொழிற்சாலைகள் உள்ளன, அவை எங்கெங்கே உள்ளன என்பதைத் தொழில் திணைக்களமே முழுமையாக அறிந்திருக்கவில்லை! தொழில் தொடங்குவோர் அரசினருக்கு அறிவிக்க வேண்டுமென்ற கட்டாயம் இருக்கவில்லை. பரிசோதகர் தாமே தேடிக் கண்டுபிடித்த இடங்களைப் பார்வையிடுவார்; கண்ணிற் படாதவை தப்பிவிடும். தெருவோரத்துப் பெரிய ஆலை எப்படியும் தென்பட்டுவிடும். பின்கட்டு மாடியறையிற் சில தையற் பொறிகளோடு நடக்கும் கூடமும், நிலவறையில் இரவிரவாகப் பாண் சுடும் பேக்கரியும் எவ்வாறு தென்படும்?

வகுப்பில் நாள்தோறும் வரவு இடாப்புக் குறிக்கும் ஆசிரியராகிய நமக்கு இதன் பொருள் நன்கு விளங்குகின்றது. பெயர் பதிந்த மாணவன் வராவிட்டால் அன்றைய கட்டத்தில் அடையாளம் விழும். வீட்டுக்குக் கடிதம் போகும். பெயரே பதியாத பிள்ளை வரவில்லையென்பதை யார் அறிவார்? அதுபோலவே, பட்டியலில் இல்லாத தொழிற்சாலை பரிசோதிக்கப்படாதவற்றின் கணக்கிற்கூட வராது. ஆண்டறிக்கையில் எல்லாம் செம்மையாகவே தோன்றும்.

ஆணைக்குழுவின் முயற்சியால் 1912 இல் இயற்றப்பட்ட சட்டங்களுள் ஒன்று, தொழிற்சாலைகள் யாவும் திணைக்களத்திற் பதிவுசெய்யப்பட வேண்டுமென விதித்தது. பதிவது எளிது, இடாப்பைப் பிழையறப் பேணுவதே பாடு. தையற்கூடம் சில மாதங்களில் வேறு தெருவுக்குப் போய்விடும். உரிமையாளர் மாறுவார், பெயர்ப்பலகையும் மாறும். இருபது பேர் இருந்த இடத்தில் இருநூறு பேர் நெருக்கியடித்து வேலைசெய்வர். பழைய விலாசத்தைத் தேடிச் சென்ற பரிசோதகர் வெறுங் கட்டடத்தைக் கண்டு திரும்புவார்.

ஓர் இடம் அரசினருக்குத் தெரிந்திருந்தும் பயனற்றுப் போவதுண்டு. வட கரோலைனா மாநிலத்தின் ஹம்லெற் என்னுஞ் சிற்றூரில், கோழியிறைச்சி பதப்படுத்தும் ஆலையொன்றில் 1991 செப்டெம்பர் 3 இல் தீ மூண்டு 25 பேர் இறந்தனர். அங்கும் கதவுகள் பூட்டியிருந்தன. அவ்வாலை இயங்கிய 11 ஆண்டுகளில் தொழிற் பாதுகாப்புப் பரிசோதகர் ஒருவரேனும் அதனைப் பார்வையிட்டதில்லை. ஆனால், மத்திய அரசின் இறைச்சிப் பரிசோதகர்கள் வழக்கமாக வந்துபோயினர்! கோழி உண்ணத் தக்கதா என்று பார்க்க ஆள் இருந்தது. வேலைசெய்வோர் வெளியேற வழியுண்டா என்று பார்க்க வேண்டிய அலுவலகத்துக்குப் போதிய ஆட்கள் இல்லை என்பது உண்மையே. எனினும், ஓர் அலுவலகம் நன்கறிந்த இடத்துக்கு மற்ற அலுவலகத்தார் 11 ஆண்டுகளில் ஒருநாளும் போகாதது எமக்கு வியப்பையன்றி வேறெதையும் தரவில்லை.

ஆஷ் கட்டடம் இன்றும் நிற்கின்றது. இப்போது அது நியூயோர்க் பல்கலைக்கழகத்துக்குரியது. மாண்ட 146 பேரின் பெயர்களையுந் தாங்கிய நினைவுச்சின்னம் 2023 இல் அங்கே திறந்துவைக்கப்பட்டது. அவர்களுள் அறுவர் இன்னாரென்று அறியப்படாமலே புதைக்கப்பட்டவர்கள். பழைய செய்தித்தாள்களையும் பதிவேடுகளையும் துருவிய ஆராய்ச்சியாளர் ஒருவரின் முயற்சியால், ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 2011 இலேதான் அந்த அறுவரின் பெயர்களும் தெரியவந்தன.