துணியில் போட்ட கோடு எங்கே போகிறது?

இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்து மலைப்பகுதியில் ஆலன்ஹெட்ஸ் என்று ஒரு கிராமம். ஈயச் சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கடை வைத்திருந்த ஜார்ஜ் கார்டினர் இன்னொரு தொழிலும் செய்தார். கில்ட் தைக்க நினைக்கும் பெண்கள் துணியை அவரிடம் அனுப்பிவைப்பார்கள். அவர் அதில் கொடியும் பூவும் சுருளுமாக நீலப் பென்சிலால் வரைந்து திருப்பி அனுப்புவார். அந்தக் கோட்டின் மேலேயே ஊசி ஓடும். அவரிடம் வேலை கற்ற எலிசபெத் சாண்டர்சன் பிறகு பெரும் பெயர் பெற்றார். அந்த வட்டாரத்துப் பழைய போர்வைகளில், ஒரு முறைகூடத் துவைக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தவற்றில் அந்த நீலக் கோடு இன்றும் தெரிகிறது. துவைத்தவற்றில் தையல் மட்டுமே இருக்கிறது.

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓடும் தையல். இதுதான் கில்ட். வங்காளத்துக் காந்தாப் போர்வையும் கர்நாடகத்துக் கவுதிப் போர்வையும் இதன் உறவினர்கள். கண்ணளவிலேயே தைத்துப் போகிறவர்களுக்குக் கோடு தேவையில்லை. வளைவும் சுருளும் பிசகாமல் வர வேண்டும் என்றால் வரையாமல் முடியாது. வேலை முடிந்த பிறகு அந்தக் கோடு இருக்கவும் கூடாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் தைத்த போர்வையைக் கடைசி நாளில் ஒரு பேனாக் கறை கெடுத்துவிடும் என்பதால், எதைக்கொண்டு வரைகிறோம் என்பது சின்ன விஷயமல்ல.

கடைகளில் இதற்கென்றே பேனா, பென்சில், சாக் என வரிசையாக வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றின் அட்டையிலும் ‘அழியக்கூடியது’ என்று போட்டிருக்கும். ஆனால் அழிவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கோடு போட்ட பொருள் துணியை விட்டே வெளியேறுவது. மற்றது, பொருள் அங்கேயே தங்கிவிட்டு நிறத்தை மட்டும் இழப்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், துணிக்கு ஒன்றல்ல. இரண்டாவது வகை என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பலரும் துணியில் கோடு போடப் பயன்படுத்தும் ஃப்ரிக்ஸியன் பேனா. ஜப்பானின் பைலட் நிறுவனம் இதை 2006இல் ஐரோப்பாவிலும் அடுத்த ஆண்டு ஜப்பானிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாளில் எழுதி அழிப்பதற்காகச் செய்த பேனா இது. மையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள் மிதக்கின்றன. ஒவ்வொரு உறைக்குள்ளும் மூன்று பொருள்கள்: நிறம் தரக்கூடிய சாயம், அந்தச் சாயத்தோடு சேர்ந்து நிறத்தை வரவழைக்கும் துணைப்பொருள், வெப்பநிலையைப் பார்த்து இந்த இரண்டையும் சேர்க்கவோ பிரிக்கவோ செய்யும் மூன்றாவது பொருள். சுமார் 60 டிகிரி செல்சியசில் மூன்றாவது பொருள் உருகி, சாயத்தையும் துணைப்பொருளையும் பிரித்துவிடுகிறது. நிறம் போய்விடுகிறது. தாளில் அழிப்பானைத் தேய்க்கும்போது உண்டாகும் சூடும் துணியில் இஸ்திரிப் பெட்டியின் சூடும் செய்கிற வேலை ஒன்றுதான்.

சூடு ஆறியதும் நிறம் ஏன் உடனே திரும்புவதில்லை? இந்த மையின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. மறையும் வெப்பநிலைக்கும் திரும்பும் வெப்பநிலைக்கும் நடுவே பெரிய இடைவெளி விட்டு அதை உருவாக்கியிருக்கிறார்கள். நிறம் திரும்ப வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை குளிர வேண்டும். 20 டிகிரி வரை போனால் முழுக் கோடும் வந்துவிடும். கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ குளிர்காலத்தில் ஒரு போர்வையைக் காரில் விட்டுவிட்டால் இது நடக்கும். அங்கே இருக்கும் பேத்திக்கு இங்கிருந்து தைத்து அனுப்பும் பாட்டியும் இதை நினைவில் வைக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டு, இஸ்திரி போட்டு மறையச் செய்து, ஓர் இரவு வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் கோடு உங்களைப் பார்க்கும். இன்னொரு குறை, கருநிறத் துணிகளில் நிறம் போன பிறகும் வெளிறிய தடம் தங்கிவிடுவது உண்டு. வெட்டுக் கோட்டுக்கும், தையலுக்குள் மடிந்து மறையும் ஓரத்துக்கும் இந்தப் பேனா போதும். போர்வையின் முகப்பில் இதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஊதா நிறத்தில் எழுதி, ஓரிரு நாளில் தானாக மறையும் பேனாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், வேதியியல் மட்டும் வேறு. பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்போமே, காரத்தில் நிறம் காட்டி அமிலத்தில் நிறமிழக்கும் சாயங்கள், அவற்றைத் தானே மறையும் மைகளில் சேர்ப்பது வழக்கம். தைமால்ஃப்தலீன் என்ற சாயம் பி.எச். அளவு 10.5ஐ ஒட்டி நீலமாக இருக்கும், 9.3க்குக் கீழே இறங்கினால் நிறமற்றுப் போகும். மையைக் காரமாக வைத்துப் பேனாவில் அடைக்கிறார்கள். துணியில் பட்டதும் காற்றிலுள்ள கரியமில வாயு மையின் ஈரத்தில் கரைந்து காரத்தைக் குறைக்க, கோடு மெல்ல மறைகிறது. காற்றில் ஈரம் கூடினால் இன்னும் சீக்கிரம் மறையும். சென்னைக் கடற்கரையோரம் ஐப்பசியில் தைப்பவர் காலையில் போட்ட கோட்டை மாலையில் தேட வேண்டி வரலாம். சாயம் மட்டும் நூலிலேயே இருக்கிறது. சலவை சோடா கலந்த தூளில் துணியை நனைத்தால் காரம் திரும்புகிறது, அதோடு நிறமும் திரும்பலாம். அதனால் மறைந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், இஸ்திரி படுவதற்கு முன், சோப்பு சேர்க்காத வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசி எடுப்பது அவசியம்.

நீரில் போகும் நீலப் பேனா இவற்றைவிட நேர்மையானது. சாயம் கரைந்து துணியை விட்டே வெளியேறுகிறது. அதிலும் பலர் ஏமாறுவது தண்ணீரைத் தெளிக்கும் இடத்தில். கோட்டின் மேல் நாலு துளி தெளித்ததும் நீலம் மாயமாகும், காய்ந்ததும் திரும்ப எட்டிப் பார்க்கும். நடந்தது இதுதான்: சாயம் கரைந்து கீழே பஞ்சுக்குள் இறங்கியது. மேல்துணி முதலில் உலர, விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல நூலிழைகள் பஞ்சிலிருந்த நீரை மேலே இழுத்தன. நீர் ஆவியாகப் போய்விட, கூட வந்த சாயம் மேல்துணியில் தங்கிவிட்டது. ஈரம் பரவி நின்ற விளிம்பில் அது சேர்வதால் கோடு இருந்த இடத்தில் இல்லாமல் வளையமாகத் தெரியும். தெளிப்பது போதாது. போர்வை முழுவதையும் ஒரு பெரிய பாத்திரத்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். அதற்கு முன் சூடு பட்டுவிட்டால் நீலம் பழுப்பாக மாறி நிலைத்துவிடும். வெந்நீரும் வேண்டாம், வெயிலில் காயும் மொட்டை மாடியும் வேண்டாம், முதல் அலசலில் சோப்பும் வேண்டாம்.

கோடு போகும்படியான நீலத்தைத் தேடி மனிதர்கள் கண்டவற்றில் மிக அழகானது ஒரு பூ. ஜப்பானின் ஷிகா மாநிலத்துக் குசாட்சுவில் ஆஓபானா என்ற செடியைப் பயிரிட்டு வந்தார்கள். காலையில் மலர்ந்து பகலுக்குள் வாடிவிடும் அதன் நீல இதழ்களைக் கோடை வெயிலில் ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சேர்த்து, சாறு பிழிந்து, ஜப்பானியக் கைத்தாளில் திரும்பத் திரும்பப் பூசி உலர்த்துவார்கள். கியோட்டோவில் பட்டுக்கு வண்ணம் தீட்டும் யூசென் கைவினைஞர்கள் அந்தத் தாளில் சிறு துண்டைக் கிள்ளி நீரில் ஊறவைத்து, அந்த நீலத்தைத் தூரிகையில் தொட்டுப் பட்டில் படம் வரைவார்கள். அதன் மேல் வண்ணம் ஏற்றி முடித்து நீரில் அலசும்போது வரைந்த நீலம் ஓடிவிடும். நிலைக்காத இந்தச் சாயத்தை ஜப்பானியர்கள் வெகு காலமாக அறிவார்கள்; 8ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான மான்யோஷூவில் மாறும் மனத்துக்கு இந்தப் பூவை உவமை சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நீலத்தின் பெயர் காமெலினின். அதன் கட்டமைப்பை 1992இல் ஜப்பானிய வேதியியலாளர்கள் கண்டறிந்தார்கள். 6 ஆந்தோசயனின் மூலக்கூறுகளும் 6 ஃபிளேவோன் மூலக்கூறுகளும் மெக்னீசிய அயனிகளைச் சுற்றி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு அந்த நிறத்தைத் தருகின்றன. மூலக்கூறுகளில் சர்க்கரைப் பகுதிகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் நீரோடு அவற்றுக்கு நெருக்கம் அதிகம். துணியைப் பிடித்துக்கொள்ள அவற்றுக்கு வலுவான பிடிமானம் இல்லை. நம் வயல் வரப்புகளில் களையாக மண்டும் கானாவாழை ஆஓபானாவின் பேரினத்துச் செடி. அதன் சிறிய நீலப் பூவைப் பார்க்காத விவசாயி இல்லை. லக்னோவின் சிக்கன் வேலையிலும் இதே தத்துவம்தான்: மரக்கட்டை அச்சில் நீலத்தைத் தொட்டு மல் துணியில் வடிவம் ஒற்றி, அதன் மேல் தைத்து, முடிவில் வண்ணார் துறையில் நீலத்தைக் கழுவிவிடுகிறார்கள்.

துணியைப் பிடித்துக்கொள்வது என்று சொன்னேனே, அது சாயத்தை மட்டும் பொறுத்ததல்ல. பருத்தி செல்லுலோஸ், பட்டும் கம்பளியும் புரதம். உணவுக்கும் இனிப்புக்கும் சேர்க்கும் நீலம், சிவப்பு நிறமிகள் பலவும் அமிலச் சாயம் என்ற இனத்தைச் சேர்ந்தவை. பருத்தியில் அவற்றுக்குப் பிடிமானம் கிடையாது, அலசினால் போய்விடும். புரத நூலில் இருக்கும் அமீன் தொகுதிகளோ அவற்றை மின்னூட்டத்தால் இழுத்துக் கட்டிக்கொள்கின்றன. ஆகவே காட்டன் துணியில் சுத்தமாகப் போன அதே பேனா பட்டில் போகாமல் நின்றுவிடலாம். கறை போகட்டும் என்று வினிகரைத் தெளித்துச் சூடான இஸ்திரி போட்டால் இன்னும் மோசம். பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றுவதே அமிலத்தையும் சூட்டையும் கொண்டுதான். ஒரு பேனா எந்தத் துணிக்குப் பாதுகாப்பானது என்று கேட்க வேண்டுமே தவிர, பாதுகாப்பானதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை.

தூள்கள் வேறு சாதி. அவை நூலோடு எந்த உறவும் வைப்பதில்லை, இடுக்கில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். பழைய தையற்கடைகளில் பார்க்கும் டெய்லர் சாக் மாக்கல் தூளாலும் களிமண்ணாலும் ஆனது. தட்டினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மெழுகு கலந்த சாக் வேறு வகை, கோடு பளிச்சென்று விழும், ஆனால் இஸ்திரி பட்டதும் மெழுகு உருகி நூலுக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாக நின்றுவிடும். நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிராமல் வழுவழுவென்று சீவினால் அது மெழுகு. வண்ணச் சாக்குகளில் வெள்ளையைத் தவிர எதையும், குறிப்பாக மஞ்சளையும் சிவப்பையும், வெளிர் துணியில் நான் நம்பமாட்டேன். நம்மூர் ஆரி வேலைக்காரர்கள் பட்டர் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து ட்ரேசிங் எடுப்பதும் இந்தத் தூள் வழிதான்: மண்ணெண்ணெய் ஆவியாகிறது, வெள்ளைத் தூள் துணியின் மேல் நிற்கிறது. சாதாரணப் பென்சிலின் கிராஃபைட் எதிலும் கரையாத கரி. வெளிர் துணியில் மெல்லிய கோடாகப் போட்டால் சோப்பில் பெரும்பாலும் போகும். அழுத்திப் போட்டால் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எந்தப் பொருளையுமே துணியில் விடாத வழி ஒன்று உண்டு. ஜப்பானியத் தையற்காரர்கள் ஹெரா என்ற மழுங்கிய முனையுள்ள சிறு கருவியால் துணியை அழுத்தி இழுப்பார்கள். வேல்சிலும் வட இங்கிலாந்திலும் மழுங்கிய ஊசியால் கீறித் தடம் போடும் பழக்கம் இருந்தது. அழுத்தும் இடத்தில் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, மடிந்த நிலையிலேயே புதிதாகப் பிணைந்துகொள்கின்றன. பருத்திச் சட்டை கசங்குவதற்கும் காரணம் இதுவே. தண்ணீர் உள்ளே புகுந்தால் அந்தப் பிணைப்புகள் தளர்ந்து தடம் நிமிர்ந்துவிடும். பக்கவாட்டில் விளக்கை வைத்தால் இந்தத் தடம் தெளிவாகத் தெரியும். பூப்போட்ட துணியில் பார்ப்பது கடினம், பாலியெஸ்டரில் நிற்காது. வெற்று நிறக் காட்டன் போர்வைக்கு, அதுவும் வாயில் வைத்துச் சப்பும் கைக்குழந்தைக்குத் தைப்பதற்கு, இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

எதை வாங்கினாலும், தைக்கப்போகும் அதே துணியில் ஒரு துண்டை எடுத்து, அடியில் அதே பஞ்சை வைத்து, கோடு போட்டு, போர்வை முடிய எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் அப்படியே விடுங்கள். இன்று போட்டு இன்றே அலசிப் பார்த்த சோதனை எதையும் சொல்லாது. பிறகு வெறும் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். அடுத்தது சோப்பு, கடைசியில்தான் இஸ்திரி. இந்த மூன்றையும் தாண்டிக் கறையில்லாமல் நிற்கும் துண்டின் பின்புறத்தில் எந்தப் பேனா, எந்தத் தேதி என்று நூலால் தைத்து, தையல் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த போர்வைக்குக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியிருக்காது.