பூனைக்கு எந்தத் தீனி: உலர்ந்ததா, ஈரமானதா?

ஹனூரில் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கோழித் தீவனம், இவற்றோடு இப்போது பூனைத் தீனியும் உண்டு. அதை வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். “அக்கா, பொரி மாதிரி இருக்கே அது நல்லதா, பாக்கெட்டில கொழகொழன்னு வருதே அது நல்லதா?” நான் பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன். பூனை ஆணா, பெண்ணா? தண்ணீர் குடிக்கிறதா? வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா?

இந்த ஊரில் இந்தக் கேள்விகளுக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும். எங்கள் ஊரை உள்ளடக்கியிருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூரோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமான பிறகும், பெரியவர்கள் வாயில் இது மைசூர் ஜில்லாதான். அதனால் தமிழ் வீடும் கன்னட வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. தமிழ் வீட்டுப் பூனைக்கு மீன் குழம்புச் சோறும் கருவாட்டுத் தலையும் விழும். மாதேஸ்வரனைக் கும்பிடும் லிங்காயத்து வீடுகளில் பால்சோறு விழும். இரண்டு வீட்டாரும் இப்போது என் கடைக்கு வருகிறார்கள்.

பசும்புல்லும் வைக்கோலும்

மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பசும்புல்லும் தீவனம்தான், வைக்கோலும் தீவனம்தான். ஆனால் ஒரு கட்டுப் பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வைக்கோலில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். இரண்டையும் எடைக்கு எடை வைத்துப் பார்க்கிற பால்காரர் யாரும் இல்லை. பூனைத் தீனிக்கும் இதே கணக்குதான். பையில் வரும் உலர் தீனியில் ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பாக்கெட்டிலும் டப்பாவிலும் வரும் ஈரத் தீனியில் 75 முதல் 85 சதவீதம் வரை தண்ணீர்.

இதை விட்டுவிட்டு லேபிளைப் படித்தால் ஏமாந்து போவோம். உலர் தீனிப் பையில் புரதம் 30 சதவீதம் என்றிருக்கும். ஈரத் தீனிப் பாக்கெட்டில் 8 சதவீதம் என்றிருக்கும். “இதில சத்தே இல்லையே” என்று பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். உலர் தீனியில் 10 பங்கு ஈரம் போக மீதி 90 பங்கில் 30 பங்கு புரதம், அதாவது 33 சதவீதம். ஈரத் தீனியில் 84 பங்கு தண்ணீர் போக மீதி 16 பங்கில் 8 பங்கு புரதம், சரிபாதி. கால்நடை மருத்துவர்கள் இதை உலர்பொருள் கணக்கு என்பார்கள்.

உலர் தீனியில் புரதம் குறைவதற்குக் காரணம் அதைச் செய்யும் விதம். கோழி, மீன் தூளோடு சோளம், அரிசி, கோதுமை மாவைச் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் சிறு துளை வழியாகத் தள்ளிப் பொரிய வைத்து நறுக்குகிறார்கள். பிறகு மேலே கொழுப்பும் ருசிச்சாறும் தெளிக்கிறார்கள். குர்குரே வகைத் தின்பண்டங்கள் வருவதும் இந்த மாதிரி இயந்திரத்தில்தான். மாவுச்சத்து இல்லாவிட்டால் உருண்டை நிற்காது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்காவில் வளர்ப்புப் பிராணிகளுக்கான தீனி பெரும்பாலும் டப்பாவில்தான் விற்றது. போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் உலர் தீனி தலையெடுத்தது. 1950களில் இந்தப் பொரிக்கும் இயந்திரம் வந்ததும் அதுவே முதலிடம் பிடித்தது. பை, போக்குவரத்து, விலை என்று மனிதர் வசதிக்கு வந்த மாற்றம் அது. பூனையின் உடம்பு அதற்காக மாறிவிடவில்லை.

தண்ணீர்தான் விஷயம்

நம் வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியா, வட ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதை உறுதிசெய்தது. கிண்ணத்துத் தண்ணீரைத் தேடிப் போகிற பழக்கம் அதற்குக் குறைவு. இரையிலிருந்தே தண்ணீர் கிடைத்துவிடும், ஏனென்றால் எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கிடைப்பதை மிச்சம் பிடிக்கச் சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றும். என் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே எலி பிடிக்கும் கடைப்பூனை கருப்பன் கிண்ணத்துப் பக்கம் அதிகம் போவதில்லை. அது எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீரும் 220 கலோரியும் தேவை. ஈரத் தீனி மட்டும் கொடுத்தால் 85 கிராம் பாக்கெட் மூன்று. அதிலேயே 200 மில்லி வந்துவிடுகிறது. உலர் தீனி மட்டும் கொடுத்தால் 60 கிராம். அதில் வரும் தண்ணீர் ஆறு மில்லி, ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல். மீதி எல்லாம் கிண்ணத்திலிருந்து வர வேண்டும். உலர் தீனி தின்னும் பூனை கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மொத்தத்தில் ஈரத் தீனிப் பூனை அளவுக்குப் பெரும்பாலும் அது எட்டுவதில்லை.

ஆணா பெண்ணா என்று நான் கேட்பது இதற்காகத்தான். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சிறுநீர் கெட்டியாகி உப்புப் படிகமும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். உலர் தீனி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. உடல் பருமன், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது, பயம், பதற்றம் எல்லாம் சேரும். ஆனால் வைத்தியத்தில் முதலில் வருவது உள்ளே போகும் தண்ணீரைக் கூட்டுவது. எங்கள் ஊர்ப் பசு வைத்தியருக்கு மாடு, ஆடு பார்க்கவே நேரம் போதாது. பூனைக்கு டியூப் போட வேண்டுமென்றால் எண்பது கிலோமீட்டருக்கு மேல் மைசூருக்கு ஓட வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி ராத்திரியில் வண்டி பிடித்து ஓடினார். பூனை பிழைத்தது. வண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆன செலவில் பல மாதத்துக்கு ஈரத் தீனி வாங்கியிருக்கலாம் என்று அவரே கடையில் வந்து சொன்னார்.

உலர் தீனியின் பக்கம்

இவ்வளவு சொல்லிவிட்டு உலர் தீனியை ஏன் விற்கிறேன்? அதற்கும் நியாயம் இருக்கிறது. முதலில் விலை. கடையில் சாதாரண ரகப் பாக்கெட் 50 ரூபாயை ஒட்டி விற்கிறது. அதே ரக உலர் தீனி கிலோ 400 ரூபாயை ஒட்டி. ஒரு நாளைக்கு ஈரம் மட்டும் என்றால் 150 ரூபாய், உலர் மட்டும் என்றால் 24 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பூனைக்கு 150 ரூபாய் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்தது வெயில். பிரித்த பாக்கெட்டைத் தட்டில் வைத்தால் எங்கள் ஏப்ரல் மாதத்தில் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும், கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டிலும் அது நடக்காது. எறும்பு வேறு. (அதற்கு வழி உண்டு. தீனித் தட்டை, தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்துக்குள் வையுங்கள்.) உலர் தீனியைக் காலையில் போட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்வரலாம். சைவ வீட்டாருக்கும் அதுதான் சௌகரியம். உள்ளே இருப்பது கோழியும் மீனும்தான் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். கையில் படாமல் கொட்டலாம், வீட்டுக்குள் வாடை வராது என்று வாங்கிப் போகிறார்கள். பூனைக்கு அது பால்சோற்றைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் இரண்டு பேச்சை நம்ப வேண்டாம். உலர் தீனி பல்லைச் சுத்தமாக்கும் என்பது ஒன்று. சாதாரண உருண்டை பல் பட்டதும் உடைந்துவிடும், ஈறு வரைக்கும் தேய்க்காது. பல்லுக்கென்றே செய்யும் தீனி வேறு. ஈரத் தீனி என்றால் கலப்படமே இருக்காது என்பது இன்னொன்று. 2007இல் வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான டப்பா, பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப் பூனைகளும் நாய்களும் செத்தன. அவற்றில் பெரும்பகுதி ஈரத் தீனிதான்.

வீட்டுச் சாப்பாடு போதாதா?

“எங்க பாட்டி காலத்தில பாக்கெட்டா வாங்கினாங்க?” என்று கேட்பார்கள். பாட்டி காலத்துப் பூனை நம் சோற்றை நம்பி இருக்கவில்லை. எலி, ஓணான், குருவி என்று வெளியே முக்கால் வயிறு நிரப்பிக்கொண்டது. கதவு ஜன்னல் மூடிய வீட்டுப் பூனைக்கு அந்த வழி இல்லை. பூனை மாமிசம் இல்லாமல் பிழைக்க முடியாத பிராணி. டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும் இருக்கிறது. நாயின் உடம்பு அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பூனையின் உடம்பால் போதுமான அளவு முடியாது. அது குறைந்தால் பூனைக்குப் பார்வை போகும் என்று 1975இலும், இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்று 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது கண்டுபிடிப்புக்குப் பிறகு தீனிக் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. கம்பெனித் தீனியிலேயே அது போதாமல் இருந்த காலம் உண்டு என்றால், பால்சோற்றில் என்ன இருக்கும்?

மீன் குழம்புச் சோற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். பச்சை மீன் சிலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. பால் பெரிய பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிறு போகும். உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன் நல்லதுதான். அதையே முழுச் சாப்பாடாக்கினால் கால்சியம் போதாது. நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அவற்றை வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றுங்கள். தண்ணீர் குடிக்காத பூனையும் அதைக் குடிக்கும்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

லேபிளில் முழுமையான சமச்சீர் உணவு என்ற பொருளில் எழுதியிருக்கிறதா, எந்த வயதுக்கு என்றிருக்கிறதா என்று பாருங்கள். துணை உணவு என்று எழுதியவை, டியூபில் பிதுக்கிக் கொடுக்கும் கிரீம் வகைகள் எல்லாம் ஆசைக்கு மட்டும். சில்லறையில் நிறுத்து வாங்கினால் மூட்டையைத் திருப்பித் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். என் கடையிலும் தாராளமாகக் கேட்கலாம். உலர் தீனியின் மேல் தெளித்த கொழுப்பு காற்றுப் பட்டால் காறிப்போகும். பையோடு டின்னில் போட்டு மூடி வைத்து, ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

உலர் தீனியைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைக்காதீர்கள், அளந்து போடுங்கள். கருத்தடை செய்த பூனைக்குத் தேவை குறையும், பசியோ கூடும். தீனியை மாற்றுவதென்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள். பசித்தால் தின்னட்டும் என்று பட்டினி போடவே கூடாது. ஓரிரு நாள் தின்னாமல் கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகும். குட்டிக்கு இரண்டு வகையையும் பழக்குங்கள். ஒன்றையே தின்று வளர்ந்த பூனை பிறகு மற்றதைத் தொடாது.

கடைசியில் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். கையில் பணமும் வீட்டில் ஃப்ரிட்ஜும் இருந்து, பூனை ஆணாகவோ, வயதானதாகவோ, ஏற்கனவே சிறுநீர்க் கோளாறு வந்ததாகவோ இருந்தால் ஈரத் தீனியே போடுங்கள். சர்க்கரை நோய் உள்ள பூனைக்கும் மாவுச்சத்துக் குறைந்த ஈரத் தீனி நல்லது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். நடுத்தரமான வீட்டுக்கு நாளுக்கு ஒரு பாக்கெட்டும் 40 கிராம் உலர் தீனியும், 66 ரூபாயில் முடியும். அதுவும் முடியாதவர்கள் உலர் தீனியே வாங்குங்கள், குறை ஒன்றும் இல்லை. அதில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள், மிஞ்சியதைச் சீக்கிரம் கொட்டிவிடுங்கள். தீனித் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். ஆண் பூனை மண்ணைப் பறித்துப் பறித்து உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் தீனியைப் பற்றி யோசிக்காதீர்கள், விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். அந்த நிமிஷமே மருத்துவரிடம் கொண்டு போங்கள். தாமதித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.