கேட்பதற்கும் ஒரு படிப்பு!

'சமரசம் பேசக்கூடப் படிப்பா?' என்று என் மாமியார் சிரித்தார். ஆமாம், படிப்புதான்! சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் சமரச மையம் தொடங்கியது. சமரசராக 40 மணி நேரப் பயிற்சி உண்டு, நானும் முடித்தவள்.

முதல் பாடம்: தீர்ப்புச் சொல்லாதே, 'நீதாம்மா விட்டுக்கொடுக்கணும்' என்று பெண்ணை மட்டும் அமுக்காதே. அடுத்தது, பொறுமையாகக் கேட்பது. 'வீட்டை எழுதிக் கொடுக்கட்டும்' என்று நிற்பவளிடம் 'ஏம்மா?' என்று கேட்டால், 'குழந்தை ஸ்கூல் மாறக் கூடாதே' என்ற கவலை வெளிவரும். முடிச்சு அங்கேதான் அவிழும்.

சகோதரிகளே, சமரசத்தில் பேசியது கோர்ட்டில் சாட்சியமாகாது. மனசுக்கு ஒப்பாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்; வழக்கு தொடரும். அடி உதை இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். தயங்காமல் பேசுங்கள், கேட்கத்தான் நாங்கள் படித்திருக்கிறோம்!