சுழலும் தட்டுகள் – 14: அந்த ஒரு மணி நேரம்

போன வாரம் நான்கு டிஸ்க்குகளைச் சர்வரில் செருகினோம். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு முறையில், 5-ஆம் வகையில் ஒரு டிஸ்க் செத்தாலும், மிச்சமிருப்பவற்றையும் பாரிட்டி என்னும் கூடுதல் கணக்கையும் வைத்து இறந்ததைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம் என்று பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். ரெய்டு என்றதும் வருமான வரித்துறையை வைத்து ஜோக் எழுதி அனுப்பும் அன்பர்களே, போதும்.

இந்த வாரம், தரவைத் துண்டு போட்டு டிஸ்க்குகளில் பரப்பும் ஸ்ட்ரைப்பின் அளவு எவ்வளவு வைப்பது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். செவ்வாய் மாலைக்குள் கட்டுரை ஆசிரியர் மேஜையில் இருக்க வேண்டும். திங்கள் இரவு ஒரு சின்ன விவரத்தைச் சரிபார்க்கலாமே என்று ரெய்டு பற்றிய 1988-ஆம் ஆண்டின் மூலக் கட்டுரையைத் திறந்தேன். விடிந்துவிட்டது. ஸ்ட்ரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

பெர்க்லியில் இருந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் சிகாகோவில் நடந்த சிக்மாட் தரவுத்தள மாநாட்டில் வாசித்த கட்டுரை அது. அப்போது பெரிய நிறுவனங்களின் கணினி அறைகளில் ஐபிஎம் 3380 போன்ற பூதங்கள் சுழன்றுகொண்டிருந்தன. 14 அங்குலத் தட்டுகள், 7,500 மெகாபைட் கொள்ளளவு. மறுபுறம், பெர்சனல் கம்ப்யூட்டர்களுக்காக கானர் நிறுவனம் செய்த மூன்றரை அங்குல டிஸ்க். வெறும் 100 மெகாபைட். ஒரு யானைக்குப் பதில் எழுபத்தைந்து ஆடுகளைக் கட்டி வண்டி இழுக்க வைத்தால் என்ன என்பதுதான் மூவரின் கேள்வி. ரெய்டு என்ற பெயரில் உள்ள ‘ஐ’ அப்போது ‘மலிவான’ என்ற சொல்லைக் குறித்தது. பிறகு டிஸ்க் விற்பவர்கள் அதைச் ‘சுதந்திரமான’ என்று மாற்றிக்கொண்டார்கள். விற்கிற பொருளை மலிவு என்று எந்த வியாபாரி சொல்வான்?

ஆடுகள் நிறைய இருந்தால் நிறையச் சாகும். ஒரு டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். நூறு டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டினால் 300 மணி நேரத்துக்கு ஒன்று போகும். இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் பாரிட்டி தேவைப்பட்டது. இதுவரை எனக்குத் தெரிந்த கதை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்து வரும் கணக்கு. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

பத்து டிஸ்க்கில் தரவு, ஒன்றில் பாரிட்டி. பதினொன்று சேர்ந்தது ஒரு குழு. இப்படிப் பத்துக் குழு, ஆக 110 டிஸ்க். 30,000-ஐ 110-ஆல் வகுத்தால் சுமார் 273. அதாவது 273 மணி நேரத்துக்கு ஒரு மரணம். அதனால் பாதகமில்லை, பாரிட்டி இருக்கிறது. ஆனால் செத்ததை மாற்றி, புதியதில் தரவை மறுபடி நிரப்பும் ரீபில்டு முடிக்கும்முன் அதே குழுவில் இன்னொன்று செத்தால் எல்லாம் போச்சு. மிச்சம் பத்து டிஸ்க். பழுது பார்க்க ஒரு மணி நேரம் ஆனால், அந்த ஒரு மணிக்குள் பத்தில் ஒன்று சாவதற்கான வாய்ப்பு 30,000-இல் 10. அதாவது 3,000-இல் 1. மூவாயிரம் மரணங்களுக்கு ஒருமுறைதான் பேரிழப்பு. 3,000 பெருக்கல் 273: எட்டு லட்சத்துச் சொச்சம் மணி நேரம். கட்டுரை அதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் என்கிறது. இரண்டு வாரம் தாங்காத மந்தையைத் தொண்ணூறு ஆண்டு வாழவைத்துவிட்டார்கள்!

கைதட்டும்முன் ஒரு சொல்லைத் திரும்பப் படியுங்கள்: ‘ஒரு மணி நேரம்’. அந்தத் தொண்ணூறு ஆண்டு முழுவதும் இந்த ஒரு மணி நேரத்தின் தலையில்தான் நிற்கிறது.

100 மெகாபைட் டிஸ்க்கை மறுபடி நிரப்ப ஒரு மணி நேரம் தாராளம். இன்று கடையில் கிடைப்பது 20 டெராபைட். வினாடிக்கு 250 மெகாபைட் வீதம் மூச்சுவிடாமல் எழுதினாலும் 80,000 வினாடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல். அது தனியாக உட்கார்ந்து எழுதினால். பகலில் ஊழியர்கள் கோப்புகளைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் நாள் கணக்கில் இழுக்கும். சரி, 24 மணி நேரம் என்றே வைப்போம். 3,000-இல் 1 என்பது 125-இல் 1 ஆகிவிடுகிறது. தொண்ணூறு ஆண்டு, நான்கு ஆண்டுக்கும் கீழே.

இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை டிஸ்க் போகிறது. திங்களன்று யாரோ கவனிக்கிறார்கள். கொட்டேஷன் வாங்கி, கையெழுத்துப் போட்டு, புதிய டிஸ்க் வந்து, ரீபில்டு முடியும்போது புதன் மாலை. ஐந்து நாள், 120 மணி நேரம். 25-இல் 1. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேரிழப்புக்கு இடைவெளி சுமார் 284 நாள். ஒரு வருடம்கூட இல்லை.

இன்றைய சர்வர் டிஸ்க்குகளின் பெட்டியில் 20, 25 லட்சம் மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அச்சிட்டிருக்கிறார்கள். விடை ஆண்டுகளில் கூடும். ஆனால் பழுது பார்க்கும் நேரம் 120 மடங்கானால் ஆபத்தும் 120 மடங்காகும் என்ற விகிதம் மாறாது. தவிர, ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சாகும் என்பது இந்தக் கணக்கின் அனுமானம். நம் சர்வரிலோ ஒரே அட்டைப்பெட்டியில் வந்த நான்கு டிஸ்க்குகள், ஒரே ஃபேனின் காற்றில், ஒரே வெப்பத்தில், ஒரே வயதில் ஓடுகின்றன. ஒன்று போன அன்றே மற்ற மூன்றையும் இரவு முழுக்க முதல் அங்குலத்திலிருந்து கடைசி அங்குலம் வரை படிக்கவைக்கிறோம். அதற்குப் பெயர் ரீபில்டு.

ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். எங்கோ ‘பீப்... பீப்...’ என்று சத்தம். வரவேற்பில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். “யுபிஎஸ் சார் அது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னு போயிட்டார். இப்ப எங்களுக்குக் காது பழகிடுச்சு” என்றார். யுபிஎஸ் சாதுவாக இருந்தது. கத்தியது பக்கத்து அறைச் சர்வருக்குள் இருந்த ரெய்டு கார்டு. பதிவைத் திறந்து பார்த்தால் டிஸ்க் செத்து நாற்பது நாள். கட்டுரையின் ஒரு மணி நேரத்துக்குப் பதில் 960 மணி நேரம்! புதிய டிஸ்க்கைப் போட்டுவிட்டு அன்றிரவு சதவீத எண்ணைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்தது. அதில் என் திறமை ஒன்றுமில்லை.

ஆகவே, ரெய்டு அமைக்கும்போது 5-ஆ, 6-ஆ, எந்த எண் என்று மட்டும் யோசிக்காதீர்கள். பழுது பார்க்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதையும் அன்றே அமைத்துவிடுங்கள். அதற்கு முதல் வழி ஹாட் ஸ்பேர். சும்மா சுழன்றுகொண்டு காத்திருக்கும் ஒரு டிஸ்க். ஒன்று விழுந்ததும் யாரையும் கேட்காமல் அதன் இடத்தில் நிற்கும். நம் ஸ்டெப்னி மாதிரி.

ஸ்டெப்னி என்றதும் இன்னொரு கதை. ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் ஓர் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆகி, நம் ஊர் லாரி டிரைவர் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியைக் கழற்றி மாட்ட ஆள் வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்த உபரி டிஸ்க் அந்த ரகம். ஹாட் ஸ்பேர் நள்ளிரவில் தானே மாட்டிக்கொள்கிற சக்கரம்.

இரண்டாவது, செய்தி உங்களுக்கு வரவேண்டும். லினக்ஸில் ரெய்டைக் கவனிக்கும் நிரல் டிஸ்க் விழுந்ததும் மின்னஞ்சல் அனுப்பும். டெபியன் லினக்ஸில் பெறுநர் இடத்தில் வழக்கமாக ‘ரூட்’ என்று இருக்கும். ரூட்டின் தபாலை யார் பிரித்துப் படிக்கிறார்கள்? அங்கே தினமும் பார்க்கிற முகவரியைப் போடுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் அதைச் செருகும் சட்டத்தின் முகப்பில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் செத்ததை விட்டுவிட்டு உயிரோடிருப்பதை உருவிய கைகள் உண்டு. நான்காவது, தரவு ஏற்றுவதற்கு முன்பே வேண்டுமென்றே ஒரு டிஸ்க்கை உருவிப் பாருங்கள். ஸ்பேர் எழுந்து நிற்கிறதா, மின்னஞ்சல் வருகிறதா, ரீபில்டுக்கு எத்தனை மணி ஆகிறது என்று குறித்து வையுங்கள். அந்த மணிக்கணக்குதான் உங்கள் சர்வரின் உண்மையான ஜாதகம்.

ஸ்ட்ரைப் அளவு அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் ஒரு வீட்டுப்பாடம்: கையில் 4 டெராபைட் டிஸ்க் நான்கு. மூன்றில் ரெய்டு 5, நான்காவது ஹாட் ஸ்பேர் என்றால் 8 டெராபைட் கிடைக்கும். நான்கையும் இரட்டைப் பாரிட்டி உள்ள ரெய்டு 6-ஆகக் கட்டினாலும் அதே 8 டெராபைட். எதைத் தேர்வு செய்வீர்கள், ஏன்? பழுது பார்க்கும் நேரத்தை மனதில் வைத்து யோசித்து, ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். கையோடு உங்கள் அலுவலகத்தில் எங்காவது ‘பீப்’ சத்தம் கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.